இடப்பக்கம் வெறுமையாக விட்ட கொப்பி: கிளிநொச்சியில் ஓர் எழுத்துப் பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிளிநொச்சி நகரை அண்டிய ஒரு மேட்டுக்காணிக் கிராமத்தில் வாழும் பெண் ஒருவர், 2018 பெப்ரவரி முதல் 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை மேற்கொண்ட எழுத்துப் பயிற்சியை இவ்வாய்வு விவரிக்கின்றது. அவருடைய ஒப்புதலைப் பெற்றே இதனை எழுதுகின்றேன். பெயரையும் கிராமத்தையும் தவிர்த்துள்ளேன். பயிற்சிக்கு வழிகாட்டியவளும் அதனைப் பதிவு செய்தவளும் ஓய்வுபெற்ற தமிழாசிரியையாகிய நானே என்பதால், வெளியிலிருந்து பார்க்கும் ஒருவரின் நடுநிலை இதில் இல்லை. என் பக்கத்துத் தவறுகளும் இந்த நிகழ்வின் ஒரு பகுதி என்றே கருதி அவற்றையும் எழுதியுள்ளேன்.

அவர் 1983இல் பிறந்தவர். தமிழருக்கெதிரான 1977 ஓகஸ்ட் வன்செயலின் பின்னர் மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களுள் அவருடைய தாய்வழிக் குடும்பமும் ஒன்று. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் படையினர் வசமானபோது குடும்பம் ஸ்கந்தபுரம் பக்கம் இடம்பெயர்ந்தது. எட்டாம், ஒன்பதாம் ஆண்டுகளை அவர் மரநிழலில் படித்தார். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையுடன் படிப்பு நின்றது. 2008இன் பிற்பகுதியில் மீண்டும் இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்து, 2010இல் காணிக்குத் திரும்பினார். தையல் வேலையில் வரும் வருமானத்துடன் வாழ்கின்றார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராகையால் கூட்டக் குறிப்புகளையும் மனுக்களையும் எழுதுவது அவருடைய பொறுப்பு. "அவ நல்லாய் எழுதுவா" என்ற பெயர் ஊரில் அவருக்கு ஏற்கெனவே இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பின்னர் நேர்ந்த சிக்கல்களுள் பாதி அந்தப் பெயரிலிருந்து வந்தவை.

அவர் நூலகத்தில் என்னைத் தேடி வந்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. தம் குடும்பக் காணிக்கு அனுமதிப்பத்திரம் கோரி அவர் எழுதிய மனு, ஓர் அலுவலகத்தில் முழுமையாக வாசிக்கப்படாமலே அவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தது. அத்துடன், 2004இல் இறந்துபோன தம் அம்மாயியின், அதாவது தாயின் தாயின், வாழ்க்கையை எழுதவேண்டும் என்ற ஆசையும் அவருக்கு நெடுநாளாக இருந்தது. இரண்டும் வேறுவேறு வேலைகள் என்று அன்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

தொடக்க நிலை

முதல் நாள் அவரிடம், தம் வீட்டு முற்றத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தருமாறு கேட்டேன். கால் மணி நேரத்துக்குள், ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல் எழுதி முடித்தார். அதன் முதல் வசனம் இது: "இயற்கை அன்னையின் மடியில் தவழும் எமது எழில்மிகு கிராமத்தில் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக்கொண்டிருந்தான்." வசனத்தில் இலக்கண வழு இல்லை. ஆனால் அந்த அரைப் பக்கத்தை வாசித்து முடித்தபின் அவர் முற்றத்தில் என்ன மரம் நிற்கின்றது, கிணறு எந்தப் பக்கம் இருக்கின்றது, நாய் இருக்கின்றதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த முற்றத்தை வட்டக்கச்சியிலோ முள்ளியவளையிலோ உள்ள எந்த வீட்டிற்கும் பொருத்தலாம்.

இப்படி எழுதும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நான் தேடிப் போகத் தேவையிருக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சைக் கட்டுரைகளுக்கு ஆயத்தப்படுத்தும்போது, இத்தகைய தொடக்கங்களை மனனம் செய்யச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கொப்பிகளில், கதிரவன் பொற்கதிர் பரப்பிய இடத்துக்கெல்லாம் சிவப்புப் பேனையால் 'நன்று' என்று எழுதியிருக்கின்றேன். பிள்ளையின் கண்ணுக்கும் கைக்கும் இடையில் ஆயத்தச் சொற்றொடர் ஒன்றை வைத்தால், அது பரீட்சை முடிந்தபின்பும் அங்கேயே இருந்துவிடுகின்றது என்பதை அந்த அரைப் பக்கத்தைப் பார்த்த பின்னரே முழுமையாக உணர்ந்தேன். பிழைவிட்டு எழுதுபவரைத் திருத்துவது இலகு. பிழையின்றி ஒன்றும் சொல்லாமல் எழுதப் பழகியவரைத் திருத்துவதற்கு, அவர் பாராட்டுப் பெற்ற அதே திறமையை அவரே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கின்றது.

முறை

நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு எளிமையானது. ஒரு சி.ஆர். கொப்பியில் வலப்பக்கத்தில் மட்டும், ஒவ்வொரு நாளும் இரவு எட்டரை மணிக்கு, பிள்ளைகள் படித்து முடித்த மேசையிலிருந்து அரைப் பக்கம் எழுத வேண்டும். அன்று கண்ட ஒரு பொருளையோ ஒரு செயலையோ பற்றி மட்டுமே எழுத வேண்டும். அழகு, துயரம், மகிழ்ச்சி, கவலை ஆகிய சொற்கள் முதல் மூன்று மாதங்களுக்கு இடம்பெறக் கூடாது. மறுநாள் எழுதத் தொடங்குமுன் முதல்நாள் எழுதியதை வாய்விட்டு வாசித்து, திருத்தங்களை எதிரே வெறுமையாக இருக்கும் இடப்பக்கத்தில் எழுத வேண்டும். வலப்பக்கத்தில் எதையும் அழிக்கக் கூடாது. இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை நூலகத்தில் சந்தித்துக் கொப்பியைப் பார்ப்போம்.

இடப்பக்கத்தை வெறுமையாக விடவேண்டும் என்ற விதியை, பயிற்சியின் ஏனைய விதிகள் எல்லாவற்றிலும் முக்கியமானதாக இப்போது கருதுகின்றேன். நாள்தோறும் எழுதினால் எழுத்து வளரும் என்ற பொதுவான நம்பிக்கையில் பாதி உண்மையே உள்ளது. பிழையான முறையில் நாள்தோறும் மண்வெட்டி பிடிப்பவருக்கு முதுகு நோவுதான் வளரும். முதல்நாள் எழுதியதை, எழுதியபோது இருந்த மனம் தணிந்தபின் மறுநாள் பார்ப்பதிலேயே பயிற்சி நிகழ்கின்றது. எழுதுவது அதற்கு வேண்டிய பொருளைத் தருகின்றது.

மறுநாள் பார்க்கும்போது எதைத் தேடுவது என்பதற்கு, பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்திலுள்ள பத்துக் குற்றங்களை அளவுகோலாகக் கொண்டோம். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல், நின்று பயனின்மை ஆகியவற்றை அவர் பாடசாலையிலேயே ஒப்புவித்திருந்தார். தம் எழுத்தின்மீது ஒருபோதும் வைத்துப் பார்த்ததில்லை. பட்டியலைக் கொப்பியின் அட்டையில் ஒட்டி, இடப்பக்கத்தில் ஒவ்வொரு திருத்தத்திற்கும் அருகே குற்றத்தின் பெயரையும் எழுதினார். முதல் இரண்டு மாதங்களில் மீண்டும் மீண்டும் வந்த பெயர் வெற்றெனத் தொடுத்தல்; ஓசைக்காகச் சொற்களைக் கோத்துச் செல்லும் குற்றம். ஏப்ரல் மாத நடுப்பகுதியில் அவர் என்னிடம், "ரீச்சர், வாய்விட்டு வாசிக்கேக்க இது என்ர குரல் மாதிரியே இல்லை. விழா மேடையில நிண்டு பேசிற ஆளின்ர குரல்," என்றார். அந்தக் கண்டுபிடிப்புக்கு நான் எந்தப் பாடமும் நடத்தவில்லை. வாய்விட்டு வாசித்ததால் அவருடைய காதே அதனைச் சொல்லியது.

ஓகஸ்ட் மாதத்து வரட்சியின்போது எழுதிய ஒரு பக்கத்தை, எழுத்து மாறியதற்கான முதல் சான்றாகக் குறித்து வைத்துள்ளேன்: "இன்று கயிறு நேற்றைவிட ஒரு சாண் கூடுதலாக இறங்கியது. வாளி தண்ணீரில் முட்டும்போது வழமையான சத்தம் வரவில்லை. கல்லில் உரசிய சத்தம் வந்தது. கிணற்றுக்கட்டில் அம்மாயி கீறிய 1981 வெயிலில் தெளிவாகத் தெரிந்தது." கவலை என்ற சொல் இதில் இல்லை, அதனை வாசிப்பவர் அந்த ஒரு சாண் கயிற்றிலிருந்தே பெற்றுக்கொள்கின்றார். அந்தப் பக்கத்தின் நான்காம் வசனம் பின்னர் எவ்வளவு பயன்படப் போகின்றது என்பதை அப்போது இருவரும் அறியவில்லை.

வழிகாட்டியின் பிழை

அதே காலத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். கொப்பியில் 'அம்மாயி' என்று வந்த இடங்களிலெல்லாம் 'அம்மம்மா' என்று திருத்தினேன். அதுவே இங்கே பொதுவாக வழங்கும் சொல் என்று விளக்கமும் கொடுத்தேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஆறு வாரங்களும் அந்தக் கிழவி கொப்பியில் வரவேயில்லை. வாய்க்கால் வந்தது, தையல் இயந்திரம் வந்தது, பக்கத்து வீட்டு மாடு வந்தது, அம்மாயி வரவில்லை. காரணம் கேட்டபோது, "அம்மம்மா எண்டு எழுதினா அது வேற ஆரோ ஒரு மனிசி, ரீச்சர்," என்றார்.

நெடுங்காலம் தோட்டத்து லயத்தில் வாழ்ந்து, பெரட்டு என்னும் காலை ஆட்கணக்கெடுப்புக்கு நின்று, கொழுந்து பறித்த ஒருத்தியின் பெயரையே அவருடைய பேத்தியிடமிருந்து நான் பறித்திருந்தேன். இந்தக் குடும்பங்கள் வன்னிக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆனபின்பும், வீட்டுக்குள் ஒரு தமிழும் வெளியில் ஒரு தமிழுமாக வாழ வேண்டியிருப்பதற்கு, திருத்தும் பேனை பிடித்த எங்களைப் போன்றவர்களும் காரணம். வழூஉச்சொல் என்பது பிழைபட்ட சொல். ஒரு வீட்டில் மூன்று தலைமுறை வழங்கிய சொல் அதில் அடங்காது. அதன்பின் நான் கொப்பியில் எழுதுவதை முற்றாக நிறுத்தினேன். வாசித்துக் கேள்வி கேட்பது மட்டுமே என் வேலை, விடை சொல்வதும் திருத்துவதும் அவருடையவை என்று ஒழுங்கை மாற்றினோம். பயிற்சி வேகம் கொண்டது அதன் பின்னரே.

வெள்ளமும் இடைவெளியும்

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த பெருமழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. அவருடைய வீட்டிலும் தண்ணீர் ஏறி, மேசையின் கீழ்த் தட்டிலிருந்த இரண்டு கொப்பிகளும் நனைந்தன. அதன்பின் நான்கு மாதங்கள் அவர் அந்த மேசையில் இருந்து எழுதவில்லை. ஒழுங்கு முறிந்துவிட்டது என்றே என் குறிப்புகளில் பதிந்துள்ளேன்.

மே மாதம் அவர் வீட்டிற்குப் போனபோது, மாதர் சங்கத்தின் வெள்ளப் பாதிப்புப் பதிவேட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். தை மாதத்தில் வீடு வீடாகச் சென்று அவர் எழுதியது. படிவத்தில் 'இழப்பு விபரம்' என்ற நிரலுக்கு ஒரு விரற்கடை அகலமே இருந்தது. அவர் அதனை மீறிப் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். ஒரு வீட்டிற்கு: "கோழி 14. அடையில் இருந்தது ஒன்று. மாவு இடிக்க வைத்திருந்த அரிசி முளைத்துவிட்டது." இன்னொரு வீட்டிற்கு: "மகனின் சாதாரண தரப் பெறுபேற்றுத் தாள், முத்திரை தெரிகிறது, பெயர் தெரியவில்லை." இருபத்தேழு வீடுகளுக்கு இவ்வாறு எழுதியிருந்தார். அதுவரை அவர் எழுதியவற்றுள் மிகச் சிறந்தது இதுவே என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. "இது சங்க வேலை, ரீச்சர். எழுதினதெண்டே நான் நினைக்கேல்லை."

ஆகவே, முறிந்ததென்று நான் எழுதிய குறிப்பைத் திருத்த வேண்டியதாயிற்று. மேசையும் நேரமும் போன பின்பும், பத்து மாதங்களில் பழகிய பார்வை போகவில்லை. 'நல்லாய் எழுதுவா' என்ற பெயரின் சுமை பதிவேட்டில் இல்லாததால், அது தடையின்றி வெளிப்பட்டது என்பது என் கணிப்பு. அன்று மாலையே மூன்றாவது கொப்பி தொடங்கப்பட்டது.

மனுவின் நான்கு படிகள்

2019 யூன் மாதத்தில் காணி மனுவைக் கையில் எடுத்தோம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டுக்குரியது. அரச காணிகளுக்கான அனுமதிப்பத்திரங்கள் இன்றும் அதன்கீழ் வழங்கப்படுகின்றன. காணியில் எப்போது குடியேறினர், எவ்வாறு அபிவிருத்தி செய்தனர், யார் இப்போது வசிக்கின்றனர் என்பவையே மனுவை வாசிக்கும் உத்தியோகத்தருக்குத் தேவையானவை. முன்னர் திருப்பிக் கொடுக்கப்பட்ட மூன்று பக்க மனுவின் முதல் பக்கம் முழுவதும் இவ்வகையில் அமைந்திருந்தது: "சொல்லொணாத் துயரங்களைச் சுமந்து, இரத்தக் கண்ணீர் வடித்து, நாதியற்று நிற்கும் ஏழைக் குடும்பமாகிய நாங்கள்..."

இந்தச் சொற்களைக் குறை கூறுவது எனக்கு இலகுவாக இருக்கவில்லை. அவர் பட்டது உண்மையிலேயே சொல்லொணாத் துயரம். ஆனால் எங்கள் மண்ணில் ஒவ்வொரு மனுவும், ஒவ்வொரு நினைவுரையும், ஒவ்வொரு மேடைப்பேச்சும் இதே சொற்களைத் தொட்டுத் தொட்டு, அவை கைபட்டுத் தேய்ந்த சில்லறையாகிவிட்டன. அவற்றைக் கொண்டு எழுதும்போது பட்டவருடைய துயரமே அவற்றின் பின்னால் மறைந்துவிடுகின்றது. நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "பிள்ளை, இந்த முதல் பக்கத்தில உம்மட குடும்பத்துக்கு மட்டும் நடந்தது எது?" அவர் பக்கத்தை இருமுறை வாசித்தார். பிறகு, "ஒண்டுமில்லை," என்றார்.

இரண்டாம் படி ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது. அதனை வாய்விட்டு வாசித்தபோது மாறுகொளக் கூறல் வெளிப்பட்டது: ஓரிடத்தில் 'முப்பது வருடமாக' என்றும், இன்னோரிடத்தில் 'நாற்பது வருடமாக' என்றும் இருந்தது, முதல் இடப்பெயர்வு 1995 என்று ஒரு முறையும் 1996 என்று ஒரு முறையும் வந்திருந்தது. ஆவணங்கள் எல்லாம் இடப்பெயர்வில் தொலைந்தவர்களுக்கு ஆண்டுகள் கலங்குவது இயல்பு. ஆனால் வாசிக்கும் உத்தியோகத்தருக்கு அது ஐயத்தைத் தரும். அவர் தாயிடமும், முதலில் வந்து குடியேறிய இரண்டு முதியவர்களிடமும் சென்று, எந்தப் பிள்ளை பிறந்த ஆண்டு, எந்தக் கோயில் திருவிழா நடக்காத ஆண்டு என்று கேட்டுக் கேட்டு ஆண்டுகளைச் சரிபார்த்தார். எழுதும் ஒழுக்கம் என்று நான் சொல்வதில் இந்த நடையும் அடங்கும். அந்த இரண்டு வசனங்களைத் திருத்த அவருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

மூன்றாம் படியில் குன்றக் கூறல் நேர்ந்தது. மிகையைக் கண்டு பயந்தவர், எல்லாவற்றையும் வெட்டிக் கொண்டுபோய், தாம் கோருவது என்ன என்ற வசனத்தையே வெட்டிவிட்டிருந்தார். பயிற்சியின் நடுப்பகுதியில் இது பலருக்கும் நேர்வதைக் கண்டிருக்கின்றேன். சுருக்கம் என்பது வாசிப்பவருக்கு வேண்டியதை விட்டுவிடாமல் சுருக்குவது. அதற்கு, வாசிப்பவர் யார், அவர் மேசையில் என்ன முடிவை எடுக்க வேண்டியிருக்கின்றது என்பதை எழுதுபவர் நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காணி தமது என்பதற்கு எழுத்துச் சான்று ஒன்றும் இல்லையே என்று அவர் சோர்ந்திருந்த வேளையில், வெள்ளத்தில் நனைந்து காய்ந்த இரண்டாவது கொப்பியைப் புரட்டினோம். தாள்கள் ஒட்டிப் போயிருந்தாலும் பந்துமுனைப் பேனையின் மை பெரிதாகக் கரையவில்லை. ஓகஸ்ட் மாதப் பக்கத்தில் இருந்தது: "கிணற்றுக்கட்டில் அம்மாயி கீறிய 1981." சீமெந்து ஈரமாக இருந்தபோது ஆணியால் கீறிய அந்த இலக்கம், இரண்டு இடப்பெயர்வுகளையும் தாண்டி அதே இடத்தில் இருந்தது. அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது தம் நிறையைச் சரிபார்ப்பதற்காக இலக்கங்களை மட்டும் கற்றிருந்தார். கூரையும் கதவும் உறுதித்தாள்களும் போன பின்பு நிலைத்த ஒரே ஆவணம் அவர் கைப்பட எழுதியது.

நான்காம் படி ஒன்றேகால் பக்கம். ஏழு இலக்கமிட்ட பந்திகள். 1978இல் வந்தது, காடு வெட்டியது, 1981இல் கிணறு கட்டியது, இரண்டு முறை இடம்பெயர்ந்தது, 2010இல் திரும்பியது, இப்போது வசிப்போர், கோரிக்கை. ஐந்தாம் பந்தியில் மட்டும் ஒரு வசனம், தேவைக்குச் சற்று மேலாக நின்றது: "நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டின் சுவர் நின்றது, யன்னல் நிலைகளும் கதவுகளும் இருக்கவில்லை." அதனை வெட்டவா என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, வெட்டுவதில்லை என்று தீர்மானித்தார். அது சரியான தீர்மானம் என்று இன்றும் நம்புகின்றேன்.

2020 பெப்ரவரியில் அவர் காணி கோருவோரை நேரில் விசாரிக்கும் காணிக் கச்சேரிக்கு அழைக்கப்பட்டார். அழைப்பு வந்ததற்கு மனுவின் எழுத்து மட்டுமே காரணம் என்று கூற முடியாது. அதே கிராமத்தில் வேறு பலரும் அழைக்கப்பட்டனர். உறுதியாகக் கூறக்கூடியது இவ்வளவே: அவரிடம் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன, மூன்றுக்கும் மனுவின் உரிய பந்தியை விரலால் காட்டி அவர் விடை சொன்னார்.

ஊரடங்குக் காலம்

2020 மார்ச் 20ஆம் திகதி கொரோனாத் தொற்றுக் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு அமுலானபின், இரு வாரச் சந்திப்புகள் நின்றன. இரண்டாம் வாசகர் இல்லாமல் இந்த முறை நிலைக்குமா என்ற கேள்வி எனக்கு முன்பே இருந்தது. முன்பு வெள்ளத்தால் வந்த இடைவெளியைப் போலன்றி, இம்முறை அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அம்மாயியைப் பற்றிய பக்கங்களை அப்போதுதான் தொடர்ச்சியாக எழுதத் தொடங்கியிருந்தார். வாய்விட்டு வாசிப்பதைப் பத்து வயது மகளின் முன்னிலையில் செய்தார்.

தொலைபேசியில் அவர் வாசித்துக் காட்டிய பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலில் எழுதியபோது, "ஆயுதங்கள் கொண்டு அடர்ந்த காட்டை அழித்துக் கழனியாக்கினார்" என்று இருந்தது. இரண்டாம் முறை, "கத்தியால் பற்றை வெட்டினார்" என்றாயிற்று. மூன்றாம் முறை எழுதியபோது அந்தக் கத்தி, தோட்டத்தை விட்டு வரும்போது துணிமூட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்த கவ்வாத்துக் கத்தி என்று ஆகியிருந்தது. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் பழகிய கை, அதே கத்தியால் ஈச்சம்பற்றையை வெட்டியபோது முதல் வாரத்திலேயே கத்தியின் வாய் மழுங்கியதும், அதனைத் தீட்ட வன்னி மண்ணில் கல் கிடைக்காமல் அவர் ஏ9 வீதியோரம் வரை நடந்ததும் அதன்பின் தாமாகவே வந்தன.

யூன் மாதத்தில் ஒரு நாள், இந்தப் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது மகள் இடைமறித்துக் கேட்ட கேள்வியை அவர் அன்றிரவே எனக்குச் சொன்னார். "கெணத்துல 1981 ஏன் அந்தப் பக்கமா சரிஞ்சிருக்கு? ஒங்க அம்மாயி எந்தக் கையால எழுதினாங்க?" ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்த இலக்கத்தைப் பற்றி எழுதியும், மனுவில் சான்றாக வைத்தும், நானும் அவரும் ஒருபோதும் கேட்காத கேள்வி அது. அவர் தாயை அழைத்து விசாரித்தார். அம்மாயி இடக்கைக்காரி, கொழுந்து மட்டும் இரண்டு கையாலும் பறிப்பார், கத்தி பிடித்ததும் சோறு பிசைந்ததும் பிள்ளையை அடித்ததும் இடக்கையால். அன்றைய திருத்தம் அந்தத் தாளின் இடப்பக்கத்தில் அடங்காமல், அடுத்த தாளின் இடப்பக்கத்துக்கும் சென்றது.